தாம்பாளத்து அரிசியும் ஏரி வாத்தும்

2017 ஜனவரியில் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஏரியில் நான் எண்ணிய நீர்ப்பறவைகள் மொத்தம் பூஜ்யம். ஏரிக்குள் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரை போயிற்று. கலுங்கின் மேல் இரண்டு காகங்கள் உட்கார்ந்திருந்தன. காகம் நீர்ப்பறவை அல்ல என்பதால், ஜனவரிதோறும் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

அதற்கு முந்தைய வடகிழக்குப் பருவமழை 140 ஆண்டுகளில் இல்லாத அளவுக்குப் பொய்த்திருந்தது. ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை செப்டம்பர் 20-இல்தான் திறந்தது. அந்த ஜனவரியில்தான் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. சம்பா கதிர் வைக்காமலே வைக்கோலாகிக்கொண்டிருந்த வயல்களுக்கு நடுவே, கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு பறவை எண்ணப் போவது எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. டீக்கடையைத் தாண்டும்போது அதைச் சட்டைக்குள் போட்டு மறைத்துக்கொண்டேன்.

படிவத்தில் எல்லா வரிசைகளிலும் பூஜ்யம் போட்டு, தேதி, நேரம், கையெழுத்து எல்லாம் முறையாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர் மேலும் கீழும் பார்த்தார். “தம்பி, இதை எதற்குக் கொண்டுவந்தீர்கள்? பறவை இல்லாத ஏரியை விட்டுவிட வேண்டியதுதானே. இப்படிச் சுழியாகப் போட்டு அனுப்பினால் மேலே இருப்பவர்கள் என்னைக் கேள்வி கேட்பார்கள்” என்றார். தாளை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். அது இழுப்பறையை விட்டு வெளியே வரவில்லை என்பது பிறகு தெரிந்தது.

நான் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பேரேடு எழுதிப் பிழைப்பவன். கடன் கட்டாதவர்களின் பெயரைப் பேரேட்டிலிருந்து எடுத்துவிட்டால் எங்கள் சங்கத்திலும் வசூல் நூறு சதவீதம்தான். இழுப்பறைக்குள் போன அந்தத் தாளும் அப்படிப்பட்டதுதான். பத்து ஏரிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நல்ல வருடத்தில் ஒவ்வொன்றிலும் 100 பறவைகள். வறட்சி வருடத்தில் ஏழு ஏரிகள் காய்ந்துபோய், மிச்சமுள்ள மூன்றில் 300 வீதம் கூடுகின்றன. ஆயிரம் இருந்த இடத்தில் இப்போது இருப்பது தொள்ளாயிரம். காய்ந்த ஏழு ஏரிகளையும் கணக்கில் விட்டுவிட்டால் என்ன வரும்? ஓர் ஏரிக்குச் சராசரி 300. பறவைகள் மும்மடங்கு பெருகிவிட்டன என்று அறிக்கை எழுதிவிடலாம். யாரும் பொய் சொல்லவில்லை. எண்ணியவர்கள் எல்லோரும் ஒழுங்காகத்தான் எண்ணினார்கள்.

இந்த எண்ணும் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மயிலாடுதுறைக்கு அருகே மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் என்று தனியாக ஒரு படிப்பே இருக்கிறது. டெல்டாக்காரர்களிலேயே பலருக்கு இது தெரியாது. அங்கே படித்த ஒரு பெண் எங்கள் பக்கம் வயல்வெளிப் பறவைகளைப் பற்றிக் குறிப்பெடுக்க வந்திருந்தார். வரப்பில் வழி காட்டப் போனவன் நான். ஒருநாள் ஏரிக்கரையில் நின்று, “அந்தக் கூட்டத்தில் எத்தனை வாத்து இருக்கும், அண்ணா?” என்று கேட்டார். பேரேட்டுக்காரனுக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா என்ற தெனாவெட்டில் “நூற்றைம்பது” என்றேன். அவர் சிரிக்கவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்தார், அம்மாவிடம் ஒரு தாம்பாளமும் ஒரு பிடி அரிசியும் கேட்டார்.

அரிசியைத் தாம்பாளத்தில் வீசி, மூன்று விநாடி காட்டிவிட்டு, செய்தித்தாளால் மூடினார். எத்தனை? நான் மறுபடியும் நூற்றைம்பது என்றேன். திண்ணையில் உட்கார்ந்து இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணினோம். 312. அடுத்த பிடிக்கு இருநூறு என்றேன். அது 390-ஐத் தாண்டியது. எல்லோரும் இப்படித்தானாம். கூட்டம் பெரிதாகப் பெரிதாக மனிதக் கண் குறைத்தே சொல்லும், அதிகமாகச் சொல்வது அபூர்வம் என்றார். பிறகு முறையைக் கற்றுக்கொடுத்தார். முதலில் ஒரு ஓரத்தில் பத்து அரிசியை மட்டும் பார். அந்தப் பத்து அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கண்ணில் வைத்துக்கொள். அதையே பக்கத்தில் பக்கத்தில் வைத்து நகர்த்திக்கொண்டே போ. பத்து பத்துகள் சேர்ந்தால் ஒரு நூறு. பிறகு நூறை வைத்து அள. நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் கலைந்தும் இருக்கும், ஆகவே ஒரே அளவுகோலை இரண்டு இடத்துக்கும் வைக்காதே.

ஒரு வாரம் இரவுச் சாப்பாட்டுக்கு முன் இதே வேலை. “சாப்பிடுகிற அரிசியில் என்னடா விளையாட்டு” என்று அம்மா திட்டிக்கொண்டே இருந்தார். வார முடிவில் முந்நூறு அரிசிக்கு இருநூற்றெண்பது சொல்லும் அளவுக்கு வந்தேன். பெரிய ஏரியில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் கலந்து மிதக்கும் கூட்டத்தை எண்ண இந்தத் தாம்பாளப் பாடம்தான் இன்றுவரை எனக்குக் கைகொடுக்கிறது. அரிசிக்கும் வாத்துக்கும் ஒரே வித்தியாசம்: எழுநூறு வரை எண்ணிக்கொண்டு போயிருப்பீர்கள், சேற்றுப்பருந்து ஒன்று கோரைப் புல்லை ஒட்டித் தாழப் பறந்து வரும், மொத்தக் கூட்டமும் எழும்பிச் சுற்றி வேறு ஒரு மூலையில் போய் இறங்கும். மறுபடியும் ஒன்றிலிருந்து.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 1987-இல் தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. ஏன் ஜனவரி என்றால், வலசை வந்த பறவைகள் அந்த மாதத்தில்தான் ஓரளவு ஓரிடத்தில் தங்கியிருக்கும். முன்னால் போனால் வந்துகொண்டிருக்கும், பின்னால் போனால் கிளம்பிக்கொண்டிருக்கும். பல ஏரிகளில் ஒரே நாளில் எண்ண வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. வடுவூர் ஏரியில் காலையில் எண்ணிய அதே கரண்டிவாயன் மறுநாள் உதயமார்த்தாண்டபுரத்தில் நின்றுகொண்டிருக்கலாம். இந்த எண்ணிக்கைகள் வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஒரு நீர்நிலை வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகளைத் தாங்கினாலோ, ஒரு பறவையினத்தின் மொத்தத் தொகையில் ஒரு சதவீதத்தைத் தாங்கினாலோ, அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம்பெற ஒரு தகுதியாகும். தமிழ்நாட்டில் 2002-இல் கோடியக்கரை அந்தப் பட்டியலில் சேர்ந்தது; அடுத்த ஊர் சேர இருபது வருடங்கள் ஆயின. 2022-இல் வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் சேர்ந்தன, 2024-இல் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி.

ஆனால் டெல்டா ஏரியில் எண்ணுகிறவன் எதை எண்ணுகிறான் என்பதில் எனக்குப் பல வருடங்கள் குழப்பம் இருந்தது. அதைத் தீர்த்துவைத்தவர் எங்கள் வாய்க்காலுக்கு லஸ்கராக, அதாவது மதகைத் திறந்து மூடி நீரைக் கவனிக்கும் பணியாளராக, இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். ஒரு நல்ல மழை வருடத்து ஜனவரி. ஏரி கரை தளும்பி நின்றது. நானோ பறவை குறைந்துவிட்டது என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மதகடியில் உட்கார்ந்திருந்தேன்.

“ஏரி நிறைந்தால் உன் பறவை குறையத்தானே செய்யும், தம்பி” என்றார். “ஊரெல்லாம் தண்ணீர் நிற்கும்போது அது எதற்கு இங்கேயே அடைந்து கிடக்கப் போகிறது? உனக்குக் கல்யாணச் சாப்பாடு நாலு வீட்டில் நடந்தால் ஒரே வீட்டிலா உட்கார்ந்திருப்பாய்?”

அது மட்டுமா? நீர் ஆழமானால் நீர்க்காகமும் நாமக்கோழியும் முக்குளிப்பானும் இருக்கும், உள்ளான் இருக்காது. உள்ளானுக்குத் தேவை கணுக்கால் நனையும் சேறு. தண்ணீர் வற்றி விளிம்பில் சேறு தெரியத் தொடங்கும்போதுதான் அது வரும். கூழைக்கடாவுக்கும் நாரைக்கும் வற்றுகிற குட்டையில் மீன் நெருங்கித் துடிக்கும் நாட்கள்தான் விருந்து. ஆகவே ஓர் ஏரியில் பறவைக் கூட்டம் அலைமோதினால் அது நல்ல வருடம் என்று எழுதிவிட முடியாது. சுற்று வட்டாரத்தில் வேறு எங்கும் தண்ணீர் இல்லை என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு ஜனவரியும் “பறவைகள் வருகை அதிகரிப்பு, ஆர்வலர்கள் மகிழ்ச்சி” என்று தலைப்பு வரும்போது எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை. பக்கத்து ஊர் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

அன்றிலிருந்து என் நோட்டில் பறவைக்கு முன்னால் தண்ணீருக்கு ஒரு பத்தி போட்டேன். மதகில் உள்ள அளவுகோல் எத்தனை அடி காட்டுகிறது, அணை எப்போது திறந்தது. 2022-இல் மேட்டூர் மே 24-இலேயே திறந்தது. 2023-இல் ஜூன் 12-இல் திறந்து அக்டோபர் 10-இல் மூடிவிட்டார்கள். 2024-இல் ஜூலை 28. இந்த மூன்று வருடங்களின் ஜனவரி எண்களை அப்படியே ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டிக் கழித்தால் கிடைப்பது பறவையின் கதையா, அணையின் கதையா? எங்கள் பக்கத்தில் இரண்டையும் பிரிப்பது சுலபமில்லை.

ஏரிக்கு வெளியே இருப்பவையோ இந்தக் கணக்கில் வருவதே இல்லை. நத்தைகுத்தி நாரையை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பா நடவு முடிந்து தண்ணீர் கட்டி நிற்கும் வயல்களில் அது நாள் முழுவதும் நிற்கிறது. ஏரியில் எண்ணப் போகும் காலை நேரத்தில் பாதிக் கூட்டம் வயலுக்குக் கிளம்பிப் போயிருக்கும். ஒருமுறை தாளடி வயல் வரப்பில் காலி நத்தை ஓடுகள் குவியலாகக் கிடந்தன. ஒரு கை அள்ளிப் பார்த்தேன். ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. விளிம்பு கூடச் சிதையாமல், கழுவி வைத்தது போல இருந்தன. அந்த நாரையின் அலகு மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். பாக்குவெட்டி போல அதில் நத்தையை வைத்து நெரிக்கிறது என்று முன்பு படித்தவர்களே நம்பியிருக்கிறார்கள். அப்படியானால் ஓடு சுக்குநூறாகி இருக்க வேண்டும். அருகிலிருந்து உற்றுக் கவனித்தவர்கள் சொல்வது வேறு: கீழலகின் கூர்முனையை ஓட்டுக்குள் நுழைத்து, சதை ஓட்டோடு ஒட்டியிருக்கும் இடத்தை அறுத்து, முழுசாக உருவி எடுக்கிறது. குஞ்சாக இருக்கும்போது அலகில் அந்த இடைவெளி இருப்பதில்லை, வளர வளரத்தான் வருகிறது. அந்த ஓடுகளில் நான்கை இன்னும் என் அலுவலக மேசையில் வைத்திருக்கிறேன். கடன் கேட்டு வருபவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று கேட்பார்கள். விளக்கத் தொடங்கினால் கடனை மறந்துவிடுகிறார்கள்.

கோடியக்கரைக்கு முதலில் போனது பறவைகளின் காலில் அடையாள வளையம் மாட்டுவதைப் பார்க்கத்தான். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959-இல் வலசைப் பறவை ஆய்வைத் தொடங்கியது, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் தலைமையில். அதற்குப் பணம் கிடைத்த விதம் விசித்திரமானது: அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் கர்நாடகத்தில் குரங்குக் காய்ச்சல் கண்டறியப்பட்டிருந்தது, அந்தக் கிருமியை உண்ணிகள் வழியாக வலசைப் பறவைகள் கொண்டுவருகின்றனவா என்ற சந்தேகத்தில் உலக சுகாதார நிறுவனம் உதவியது. நோய்க்குப் பயந்து போட்ட பணத்தில் பறவை அறிவு வளர்ந்தது. 1980-களில் கோடியக்கரையில் கழகத்தின் கள நிலையம் ஆண்டு முழுவதும் இயங்கியது.

நான் பார்த்தது கொசு உள்ளான். மெல்லிய வலையில் சிக்கியதை எடுத்துத் துணிப்பையில் போட்டிருந்தார்கள். பையோடு தராசில் தொங்கவிட்டு, பை எடையைக் கழித்தால் இருபத்து மூன்று கிராம். இறக்கையை அளவுகோலில் நீட்டி அளந்தார்கள். எந்த இறகு புதியது, எந்த இறகு பழையது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பிறகு காலில் ஒரு அலுமினிய வளையம். அதில் ஓர் எண்ணும், பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும். ஒரு நிமிடம் என் உள்ளங்கையில் கொடுத்தார்கள். எடையே தெரியவில்லை, சூடும் படபடப்பும்தான் தெரிந்தன. வடதுருவத்தை ஒட்டிய உறைநிலத்தில் முட்டையிடுகிற உயிர். கையை விரித்ததும் சேற்றைத் தொட்டாற்போல் தாழப் பறந்து போய்விட்டது.

அதன் உறவான வளைமூக்கு உள்ளானைப் பற்றி அன்று கேட்டதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். வடசைபீரியாவில் அது கூடு கட்டும் இடத்தில் லெம்மிங் என்ற குட்டைவால் எலி சில வருடங்களில் பெருகும், சில வருடங்களில் அற்றுப்போகும். எலி நிறைய இருந்தால் துருவ நரி எலியைத் தின்னும். எலி இல்லாத வருடம் உள்ளானின் முட்டையையும் குஞ்சையும் தேடித் தின்னும். அந்த வருடம் தெற்கே வரும் கூட்டத்தில் இளம் பறவைகளே இருக்காது. ஆகவே வலையில் சிக்கும் பறவைகளில் எத்தனை இளசு என்று பார்த்தால் அங்கே எலிகளுக்கு எப்படிப்பட்ட வருடம் என்று ஊகிக்கலாம். எலிக்குக் கிட்டி வைத்தே வாழ்கிற தஞ்சாவூர்க்காரனுக்கு, எலி குறைந்ததால் பறவை குறைந்தது என்று கேட்பது சற்றுச் சங்கடமாகத்தான் இருந்தது.

வளையம் திரும்பக் கிடைத்தால்தான் அதற்குப் பயன். உலகம் முழுவதும் பல வளையங்கள் வேட்டைக்காரர்கள் வழியாகத்தான் திரும்பியிருக்கின்றன. வேதாரண்யம் பக்கத்து உப்பளம் ஒன்றில் வேலை செய்த ஒரு முதியவரின் சாவிக்கொத்தில் அப்படி ஒரு வளையத்தைப் பார்த்தேன். தேய்ந்து, கடைசி இரண்டு எண்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. எந்தப் பறவை, எந்த வருடம் என்று கேட்டேன். “சின்ன வயதில்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். எழுதிப் போடலாமே, பாராட்டுக் கடிதம் வரும் என்றேன். “கடிதம் வராது, ஐயா. ஆள்தான் வருவார்கள்” என்றார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சதுப்புக்குள் நண்டு பிடித்தவர்களையும் விறகு பொறுக்கியவர்களையும் விரட்டிய கையே இப்போது தகவல் கேட்டு நீள்கிறது. அவர் எதை நம்புவார்?

வெளிமானைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அதைப் பார்க்கத்தான் எல்லோரும் கோடியக்கரைக்குப் போகிறார்கள், எல்லோரும் எழுதுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். வெளிமானுக்கு வெட்டவெளிப் புல்தரை வேண்டும். அந்தப் புல்தரையைச் சீமைக்கருவேலம் மூடிக்கொண்டு வருகிறது. அதன் நெற்றை மானும் தின்கிறது, அங்கே திரியும் காட்டுக் குதிரைகளும் தின்கின்றன. சாணத்தோடு விதை போய் விழுந்து அங்கேயே முளைக்கிறது. தன் வீட்டை மூடும் மரத்தைத் தானே விதைக்கும் மான். இதில் யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது?

பூஜ்யத்துக்குத் திரும்புகிறேன். இப்போது 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவை எண்ணும் வழக்கம் ஒன்று வந்திருக்கிறது. குறைந்தது கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்றோ நடந்தோ பார்த்த பறவைகளை எல்லாம் செல்பேசியில் பதிவது. முதல் பொங்கலில் நான் அரிய பறவைகளை மட்டும் பெருமையாகப் போட்டேன். பட்டியலை அனுப்பும்போது ஒரு கேள்வி வரும்: நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? நான் யோசிக்காமல் ஆம் என்று அமுக்கிவிட்டேன். பிறகுதான் அந்த ஆமின் எடை புரிந்தது. ஆம் என்று சொன்னால், நான் எழுதாத ஒவ்வொரு பறவையும் அந்தக் கால் மணி நேரத்தில் அங்கே தட்டுப்படவில்லை என்று கணக்காகும். அதாவது காகத்தையும் மைனாவையும் எழுதாமல் விட்டு, எங்கள் ஊரில் காகம் இல்லை என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். அன்றைக்கே திருத்தினேன்.

இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023-இல் வந்த அறிக்கை இப்படிப்பட்ட பட்டியல்களின் மீதுதான் கட்டப்பட்டது. சுமார் 30,000 பேர் அனுப்பிய 3 கோடிப் பதிவுகள்; 942 இனங்கள். நீண்டகாலப் போக்கைச் சொல்ல முடிந்த 338 இனங்களில் 204 குறைந்திருக்கின்றன, 98 நிலையாக இருக்கின்றன, 36 பெருகியிருக்கின்றன. குறைந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? எத்தனை பட்டியல்களில் ஒரு பறவை வந்தது என்பதை வைத்து, அதாவது எத்தனை பட்டியல்களில் வரவில்லை என்பதையும் வைத்து. இழுப்பறைக்குள் போன என் தாள் அங்கே போயிருந்தால் மதிப்புள்ள தாள்.

லஸ்கர் பெரியவர் போன வருடம் காலமானார். அவர் மகன் குத்தகைக்கு ஏரியில் மீன் வளர்க்கிறார். நீர்க்காகத்தைக் கண்டால் தகரத்தைத் தட்டுகிறார். எண்ணும் நாளில் மட்டும் அரை மணி நேரம் தட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். “உங்களுக்காக இருபது நிமிடம், அண்ணே” என்றார். பேரம் முடிந்தது.

ஜனவரியில் மட்டும் எண்ணுவதையும் நிறுத்திவிட்டேன். மாதம் ஒருமுறை, தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போகிறேன். சென்ற ஏப்ரலில் ஏரி முழுவதும் நெய்வேலிக் காட்டாமணக்கு ஊதா நிறத்தில் பூத்துக் கிடந்தது. நடுவில் மாடுகள் படுத்திருந்தன. கால் வைத்த இடத்திலெல்லாம் ஓர் ஆள்காட்டி கத்திக்கொண்டே தலைக்கு மேல் சுற்றியது. எங்கோ முட்டை வைத்திருக்கிறது என்று தெரிந்து வந்த வழியே திரும்பினேன். கரையில் உட்கார்ந்து நோட்டை எடுத்தேன். மதகு அளவுகோல் 0. ஊசிவால் வாத்து 0. நீலச்சிறகி 0. நாமக்கோழி 0. நத்தைகுத்தி நாரை 0. மாடு 11. ஆள்காட்டி 2.